பால் மறக்கடித்தவர்கள்

பால் குடிக்காத பிள்ளையைப் பெற்றுவிட்டால் போதும், ஊரில் இருக்கிறவர்கள் எல்லாம் டாக்டர்தான். பால்காரர் ஒரு வைத்தியம் சொல்வார். ஷேர் ஆட்டோவில் பக்கத்தில் உட்கார்ந்தவள் இரண்டு சொல்வாள். சளி இருக்கும், நாக்கில் மாவு படிந்திருக்கும், கண் பட்டிருக்கும், நீ ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை. எந்தப் பக்கம் சுற்றி வந்தாலும் கடைசியில் குற்றவாளி ஒருத்திதான், பெற்றவள். என் மகள் நான்காம் மாதத்தில் என் மார்பை விட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டபோது நானும் அந்தக் கூண்டில் நின்றேன். ஊரார் ஏற்றிவிட்டது பாதி, நானே ஏறிக்கொண்டது பாதி. இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

நான் கிளியனூர்ப் பக்கத்திலிருந்து மரக்காணம் உப்பளத்துக்கு வாழ்க்கைப்பட்டவள். பிறந்த வீட்டில் நெல்லும் வேர்க்கடலையும். புகுந்த வீட்டில் உப்பு. கணவரும் அவருடைய அண்ணனும் பக்கத்துப் பக்கத்துப் பாத்திகளைக் குத்தகைக்கு எடுத்திருந்தார்கள். மாமனார் மாமியார் இல்லை. வீட்டில் நாங்கள் நான்கு பேர்தான்: அண்ணன், அவர் மனைவி, நான், என் கணவர். அண்ணனுடைய ஒரே பையன் சென்னையில் வேலைக்குப் போய்விட்டான். அண்ணன் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிட்டேன். வாயால் மட்டும் அல்ல, மனசாரவே அப்படித்தான் கூப்பிட்டேன்.

அளத்தில் ஆண்கள் பலகையால் உப்பை வாரி வரப்போரம் ஒதுக்குவார்கள். பெண்கள் அதைக் கூடையில் அள்ளித் தலையில் சுமந்துபோய் மேட்டில் கொட்டுவார்கள். அக்கா கல்யாணமான வருஷத்திலிருந்து சுமந்தவள். அவள் பாதங்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும். குதிகால் முழுக்க வெடிப்பு, வெடிப்புக்குள் உப்புத்தண்ணீர் இறங்கி இறங்கி ஆறாத புண். சாயந்திரம் விளக்கெண்ணெய் தடவித் துணி சுற்றிக்கொண்டு உட்காருவாள். நானும் எத்தனையோ நாள் தடவி விட்டிருக்கிறேன்.

அந்தப் பக்கத்து அளக்காரர்களிடம் ஒரு கட்டுப்பாடு உண்டு. பால் கொடுக்கிறவள் பாத்தியில் இறங்கக்கூடாது. பால் சொட்டிய பாத்தியில் உப்பு கட்டாது என்பார்கள். உப்புக் காற்று பாலுக்கும் ஆகாது என்பார்கள். யார் வைத்த சட்டம் என்று கேட்டால் ஒருத்தருக்கும் தெரியாது. ஆனால் மீற ஒருத்திக்கும் தைரியம் இல்லை. பிள்ளை பால் மறந்த பிறகுதான் தாய்க்குப் பாத்தி. அதுவரை அவள் வரப்போடு சரி. சாப்பாடு கொண்டுபோகலாம், வரப்பில் நின்று பேசலாம், திரும்பி வரலாம். பிள்ளை பெற்றவளுக்குக் கிடைக்கிற ஒரே லீவு அதுதான். நான் அதைச் சந்தோஷமாக எடுத்துக்கொண்டேன். இரண்டு வயசு வரைக்கும் கொடுக்கிறேன் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

மகள் ஐப்பசி மழையில் பிறந்தாள். அப்போது பாத்தியெல்லாம் தண்ணீர், எல்லோரும் வீட்டில்தான். அவள் குடிக்கிற வேகத்தைப் பார்த்து, "உன் பொண்ணு அளத்து மோட்டார் மாதிரி உறிஞ்சறா" என்று அக்காவே சிரிப்பாள். தையில் பாத்தி செதுக்கி, மிதித்து, மாசி வாக்கில் உப்பு எடுக்க ஆரம்பித்தார்கள். அக்கா விடியும் முன்னே ஆண்களோடு போய், முதல் நடை சுமந்துவிட்டு எட்டு மணிக்கு வீட்டுக்கு வருவாள். அவள் வந்ததும் குழந்தையை அவள் மடியில் விட்டுவிட்டு நான் ஆண்களுக்குச் சோறு எடுத்துக்கொண்டு அளத்துக்குப் போவேன். அவர்கள் சாப்பிட்டு முடிக்கும்வரை நின்று, பாத்திரத்தை வாங்கிக்கொண்டு, கடைக்குப் போக வேண்டுமென்றால் போய்விட்டு வருவேன். சாயந்திரம் தண்ணீர் பிடிக்கப் போகும்போதும் குழந்தை அவளிடம்தான்.

அப்போதுதான் ஆரம்பித்தது. திரும்பி வந்து மடியில் போட்டால் குழந்தை வாயை வைக்கும், இரண்டு இழுப்பு இழுக்கும், விட்டுவிடும். மறுபடி வைத்தால் முதுகை வளைத்துக்கொண்டு கத்தும். அப்புறம் தூங்கிவிடும். எப்படித் தூக்கம் என்கிறீர்கள், மதியம் வரை அசையாது. மூக்குக்குக் கீழே விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்ப்பேன். எதிர் வீட்டுப் பிள்ளை அதே மாதத்தில் பிறந்தது, அது ஒருக்களித்துப் புரளப் பார்க்கிறது. இவள் மல்லாந்து கிடக்கிறாள். பால் இல்லாமல் பலம் இல்லையோ, எதுவோ பெரிய வியாதியோ. செல்போனில் வீடியோ வீடியோவாகப் பார்த்தேன். 'பசித்த குழந்தை கண்டிப்பாகக் குடிக்கும்' என்று ஒரு டாக்டரம்மா சிரித்துக்கொண்டே சொன்னார். என் குழந்தைக்குப் பசியே எடுக்கவில்லையே என்று அந்தம்மாவிடம் யார் போய்ச் சொல்வது.

அக்காதான் எனக்குத் துணையாக நின்றாள். குப்பத்திலிருந்து மீன் கொண்டு வருகிறவளிடம் சொல்லிவைத்துப் பால்சுறா வாங்குவாள். வேகவைத்து, தோல் உரித்து, உதிர்த்து, கை நிறையப் பூண்டு போட்டுப் புட்டு செய்வாள். அளத்திலிருந்து வந்த காலோடு, அந்தப் புண்காலோடு, அடுப்பின் முன்னால் நிற்பாள். "சாப்புடு. பால் ஊறுனா தானா குடிக்கும்" என்று தட்டை என் கையில் வைத்து, நான் முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருப்பாள். கூடப் பிறந்தவள்கூட எனக்கு இப்படிச் செய்ததில்லை என்று கணவரிடம் சொல்லி அழுதிருக்கிறேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். ஆம்பிளைக்கு இதெல்லாம் என்ன புரியும் என்று விட்டுவிட்டேன்.

ஒருநாள் அக்கா மெதுவாகச் சொன்னாள்.

"தப்பா நெனைக்காத. உப்புக் காத்துக்கு நீ புதுசு. தெனம் வரப்புல போய் நிக்கற. உன் பால் உப்புக் கரிக்குதோ இன்னாவோ. அதான் புள்ள துப்புது."

நான் உள்ளே போய்க் கையில் பீய்ச்சி நாக்கில் வைத்துப் பார்த்தேன். இனிப்பாகத்தான் இருந்தது. வெளியே வந்து சொன்னேன்.

"பெத்தவ நாக்குக்கு எப்பவும் இனிக்கத்தான் செய்யும்" என்றாள் அக்கா. எவ்வளவு அன்பாகச் சொன்னாள் தெரியுமா.

அங்கன்வாடியில் எடை போடுகிற நாள் வந்தது. இளைத்திருக்குமோ என்று கையிலேயே எடை பார்த்துக்கொண்டு குழந்தையைத் தூக்கிப் போனேன். நர்ஸம்மா எடையைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"நல்லாத்தானே ஏறியிருக்குது. எதுக்கும்மா மூஞ்ச இப்படி வெச்சிருக்கீங்க?"

"பாலே குடிக்க மாட்டேங்குதுங்க."

"துணி நனைக்குதா?"

"அது நெறைய நனைக்குதுங்க."

"அப்போ குடிக்குது. குடிக்காத புள்ளைக்கு எடை எப்படி ஏறும்? காத்தையா தின்னுது? பயப்படாம போங்க."

எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். வீட்டுக்கு ஓடி வந்து அக்காவிடம் சொன்னேன். அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டே, "மெஷினு தப்பா காட்டியிருக்கும். குழந்த இளைச்சிருக்கறது எங்கண்ணுக்குத் தெரியுதே" என்றாள். சந்தோஷம் அப்படியே வடிந்துவிட்டது. மெஷினை நம்பாமல் அவளை நம்பினேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். முடியும். சோறு போடுகிறவள் மேல் நம்பிக்கை இருந்தால் போதும்.

பால் இறங்காமல் எனக்கு மார்பு கட்டிக்கொண்டது. கல்லாக இறுகி, காய்ச்சல் தூக்கிப் போட்டது. அக்கா குழந்தையைத் தன் பாயில் போட்டுக்கொண்டாள். "நீ ஒடம்பப் பாரு, புள்ளைய நான் பாத்துக்கறேன்" என்றாள். மல்லிகைப்பூவைச் சரம் சரமாக வாங்கி வந்து மார்பில் வைத்துக் கட்டிவிட்டாள். பாலை வற்ற வைக்கச் செய்வது அது. எனக்குத் தெரியும், தெரிந்துதான் கட்ட விட்டேன். குடிக்கப் பிள்ளை இல்லாத பாலை வைத்துக்கொண்டு என்ன செய்வது. அந்த வாசனை இன்றைக்கும் எனக்கு ஆகாது. கல்யாண வீட்டில் பூத்தட்டு நீட்டினால் வேண்டாம் என்று நகர்ந்துவிடுவேன்.

கணவர் அன்றே பால்பவுடர் டப்பாவும் புட்டியும் வாங்கி வந்தார். எவ்வளவு தண்ணீருக்கு எத்தனை ஸ்பூன் என்று டப்பாவைத் திருப்பிப் பார்க்காமலே கலந்தார். குழந்தை புட்டியைப் பார்த்ததும் இரண்டு கையையும் நீட்டி, கண்ணை மூடிக்கொண்டு, ஒரு சொட்டு சிந்தாமல் குடித்தது. முதல் தடவையே இப்படிக் குடிக்கிறதே என்று அதிசயித்தேன். என்னைவிட ரப்பர் பிடித்துவிட்டதே என்று திரும்பிப் படுத்து அழுதேன். அதிசயப்படுவதோடு நிறுத்திக்கொண்டேன், அதுதான் என் புத்திக்கு அழகு.

பங்குனியில் நான் பாத்தியில் இறங்கினேன். பால் மறந்துவிட்டதே, இனி என்ன சாக்கு. அக்கா வீட்டில் உட்கார்ந்தாள். வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் ஒரு பெண்பிள்ளை வீட்டில் இருக்கத்தானே வேண்டும். காலை வெயில் ஏற ஏற உப்பின் வெளிச்சம் கண்ணைக் குத்தும். கூடையிலிருந்து வடிகிற தண்ணீர் கழுத்தெல்லாம் எரியும். ஆனால் என்னை அரித்தது அது இல்லை. நான் சுமந்துகொண்டிருந்த ஒரு காலையில் மகள் முதல்முதலாகக் குப்புற விழுந்தாள். அதற்காக நான் எத்தனை நாள் பாயோரம் உட்கார்ந்து பார்த்திருப்பேன். வீட்டுக்கு வந்தபோது அக்கா கொழுக்கட்டை அவித்துத் தெருவுக்கே கொடுத்து முடித்திருந்தாள். எனக்கும் இரண்டு எடுத்து வைத்திருந்தாள்.

அப்புறம் ஒரு நாள். லாரியில் உப்பு ஏற்றுகிறவருக்குச் சாப்பாடு கொண்டு வந்த அவர் மனைவி, இடுப்பில் கைக்குழந்தையோடு வரப்பில் நின்றுகொண்டிருந்தாள். குழந்தைக்குப் பசிபோல, வீல் என்று அழுதது. நான் பாத்திக்குள் கூடையை நிரப்பிக்கொண்டிருந்தேன். என் மார்பில் சுரீர் என்று ஒரு இழுப்பு. குனிந்து பார்த்தால் ரவிக்கை நனைந்து, பால் முந்தானையைத் தாண்டிப் பாத்தித் தண்ணீரில் சொட்டிக்கொண்டிருக்கிறது.

பக்கத்துப் பாத்தியில் சுமக்கிற பெண்தான் முதலில் பார்த்தாள். "ஐயையோ, ஏம்மா, பாலு இருக்குது உனக்கு! பாலை வெச்சிக்கினு ஏன் எறங்கன? பாத்தி இன்னாத்துக்கு ஆவும்?" என்று கத்தினாள். எல்லாத் தலையும் திரும்பியது. எனக்கு வெட்கமும் வந்தது, பைத்தியக்காரத்தனமாகச் சந்தோஷமும் வந்தது. வற்றவில்லை, இருக்கிறது, இன்னும் இருக்கிறது. அந்தச் சந்தோஷத்தோடுதான் கணவரைத் திரும்பிப் பார்த்தேன்.

அவர் ஆச்சரியப்படவில்லை. எல்லோரும் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறார்கள், அண்ணன்கூட வரப்புக்கு ஓடி வருகிறார். இவர் மட்டும் பலகையை ஊன்றிக்கொண்டு தண்ணீரைப் பார்த்தபடி நின்றார். பொருளைத் திருடியவன் பொருள் கிடைத்துவிட்டது என்று கேள்விப்படும்போது நிற்பானே, அப்படி. குடிக்காத பிள்ளைக்கு எடை எப்படி ஏறும் என்று நர்ஸம்மா கேட்ட கேள்விக்கு எனக்கு அந்த நிமிஷமே பதில் கிடைத்தது. அளக்காமல் ஸ்பூன் போட்ட கையும் ஞாபகம் வந்தது. கூடையைப் போட்டுவிட்டு அவரிடம் போனேன்.

"எப்போலேர்ந்து புட்டி குடுத்தீங்க?"

"கத்தாத. எல்லாரும் பாக்கறாங்க."

"எப்போலேர்ந்துன்னு கேட்டேன்."

"சீசன் ஆரம்பிச்சப்போலேர்ந்து" என்றார். "நீ சோறு எடுத்தாரப்போ அண்ணி குடுத்துடும். நான்தான் டப்பா வாங்கியாந்து மோட்டார் கொட்டாயில வெப்பேன். அண்ணிக்குக் கால் முடியல. நீயோ ரெண்டு வருஷம் குடுப்பேன்னு சொல்லிக்கினு இருந்த. வேற இன்னா பண்ணச் சொல்ற?"

நான் வரப்பில் நின்று காத்திருந்து, அவர் சாப்பிட்ட பாத்திரத்தை வாங்கிக்கொண்டு திரும்பிய அத்தனை காலையும் கண்முன் வந்து போயின. எதிரே உட்கார்ந்து நான் கொண்டு வந்த சோற்றைத் தின்றுகொண்டே, வீட்டில் என் பிள்ளையின் வயிறு புட்டிப்பாலால் நிறைகிறது என்று இந்த மனிதருக்குத் தெரியும். 'கொழம்பு நல்லா இருக்குது' என்று வேறு சொல்வார்.

ஈர ரவிக்கையோடு வீட்டுக்கு நடந்தேன். அக்கா வாசலில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். நான் வருவதற்கு முன்னாலேயே யாரோ போன் பண்ணிவிட்டார்கள் போல, அவள் முகத்திலும் ஆச்சரியம் இல்லை.

"அந்தச் சுறாப்புட்டு எதுக்கு ஆக்கிப் போட்ட?" என்று கேட்டேன். ஆயிரம் கேள்வி இருந்தது, வாயில் வந்தது அதுதான்.

"நீ வாடறத பாக்க முடியல" என்றாள். அது பொய் இல்லை என்று எனக்குத் தோன்றியது, அதனால்தான் இன்னும் ஆத்திரமாக வந்தது. "நான் இன்னா வெஷமா குடுத்தேன்? பாலுதான குடுத்தேன்? இத பாரு" என்று காலை நீட்டினாள். வீட்டில் இருந்த இந்த நாட்களில் புண் வாய் மூடி, புதுத் தோல் இளஞ்சிவப்பாக வந்திருந்தது. "எத்தினி வருசம் கழிச்சி ஆறியிருக்குது பாரு."

"கால் முடியலன்னு எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேக்கா."

"சொன்னா நிறுத்தியிருப்பியா?"

மாட்டேன். நிறுத்தியிருக்க மாட்டேன். வேறு வழி பார்ப்போம் என்றுதான் சொல்லியிருப்பேன். அது அவளுக்குத் தெரிந்திருந்தது. நான் மாட்டேன் என்று சொல்லிவிடுவேன் என்பதால்தான் என்னைக் கேட்கவே இல்லை.

குழந்தையைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். புட்டியைத் தூக்கி எறிந்தேன். மடியில் போட்டு மார்பைக் கொடுத்தேன். அவள் அதை வேறு எதையோ பார்ப்பதுபோலப் பார்த்தாள். வாயில் பால் சொட்டியபோது முகத்தைச் சுளித்தாள். பசி வந்ததும் வீறிட்டாள், கதவைப் பார்த்து வீறிட்டாள். சொட்டாகக் கொடுத்தேன், தூக்கத்தில் கொடுத்தேன், நடந்துகொண்டே கொடுத்தேன். நர்ஸம்மாவும் வந்து சொல்லிக் கொடுத்துப் பார்த்தார். அவள் திரும்பி வரவே இல்லை. அழுது அழுது தொண்டை கட்டிய பிள்ளைக்கு நானே அந்தப் புட்டியைத் தேடி எடுத்துக் கழுவிக் கொடுத்தேன். என் பால் அதற்குப் பிறகும் வெகுநாள் இருந்தது. பஸ்ஸில், கடையில், எங்கே எந்தக் குழந்தை அழுதாலும் சுரந்தது, என் குழந்தையைத் தவிர மற்ற எல்லாக் குழந்தைக்கும். பால் சொட்டிய அந்தப் பாத்தியில் மறுநாளும் உப்பு வழக்கம்போலப் பூத்தது, வாரினார்கள், விற்றார்கள்.

யாரிடம் போய் நியாயம் கேட்பது? சொன்ன இடத்திலெல்லாம் ஒரே பதில்தான். குழந்தைக்கு என்ன ஆச்சு? நல்லாத்தானே இருக்குது? ஆமாம், நல்லாத்தான் இருந்தாள். தவழ்ந்தாள், நடந்தாள், காலாகாலத்தில் பேசினாள். எனக்கு நடந்தது அவள் உடம்பில் எங்கேயும் தெரியவில்லை. பிள்ளை இளைத்திருந்தால் ஊரே என் பக்கம் நின்றிருக்கும். அவள் கொழுகொழுவென்று இருந்ததால் நான் இல்லாததைப் பேசுகிறவள் ஆனேன். அக்காவோடு ஒரே வீட்டில்தான் இருக்கிறேன். பேசாமல் இருக்க முடியுமா, உப்பு எங்கே, துணி காய்ந்ததா என்று பேசத்தான் வேண்டியிருக்கிறது. கணவரோடும் குடித்தனம் நடக்கிறது. ஆனால் அவர் எது சொன்னாலும் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் நம்புகிறேன்.

மகள் இப்போது ஒன்றாம் வகுப்பு. போன வாரம் எதிர் வீட்டில் பிறந்த குழந்தையைப் பார்த்துவிட்டு வந்தாள். நாங்கள் எல்லோரும் மதியச் சோற்றுக்கு உட்கார்ந்திருந்தோம்.

"அந்தப் பாப்பா அவங்கம்மாகிட்ட பால் குடிக்குது. நானும் உங்கிட்ட அப்படிக் குடிச்சேனாம்மா?"

நான் வாயைத் திறக்கும் முன் அக்கா சொன்னாள்: "உனக்கு உங்கம்மா பாலே புடிக்கல கண்ணு. துப்பிட்ட."

கணவர் தலையைத் தூக்காமல் ரசத்தை ஊற்றிக்கொண்டார். அன்றைக்கு எனக்குச் சொன்னது போதாதென்று, என் பிள்ளைக்கும் அதையே சொல்லி வளர்க்கப் போகிறார்கள் என்று எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"புடிக்காம இல்ல" என்றேன். "நல்லாத்தான் குடிச்ச. என்னக் குடுக்க வுடல."

"யாரும்மா வுடல?"

"உங்க பெரியம்மா. உங்கப்பா."

"கொழந்தகிட்ட போய் இன்னா பேச்சு இது" என்றார் கணவர். அக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது. சோற்றை அப்படியே வைத்துவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். மகள் என்னைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள். கேட்டுவிட்டாள், இனி அவளுக்குத் தெரியும் என்று நான் காத்திருந்தேன். அவள் எழுந்து போய் அக்காவின் மடியில் உட்கார்ந்து, எச்சில் கையால் அவள் கண்ணைத் துடைத்துவிட்டாள்.

"அழுவாத பெரிம்மா," என்றாள். "எனக்குத்தான் ஒண்ணும் ஆவலையே."